களைப்பைச் சொல்லப் பழகினேன்

களைப்பாக இருக்கிறது என்று நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. சொன்னது பிரெஞ்சில். கேட்டவர் லியோன் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் இருந்த பெண்மணி. பெற்ற தாயிடம் சொல்லாததை நேரில் பார்த்தே இராத ஒருவரிடம் வேற்று மொழியில் ஏன் சொன்னேன் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். இன்று பம்மலில் என் வீட்டு மாடியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில் முக்கால்வாசி, அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்தான்.

எங்கள் பக்கத்தில் தோல் தொழில்தான் பல வீடுகளுக்குச் சோறு போட்டது. பக்கத்து ஊருக்குக் குரோம்பேட்டை என்று பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். நாகல்கேணியிலும் பம்மலிலும் டேனரிகள் இருந்தன. அப்பா அதில் ஒன்றில் வேலை பார்த்தார். ஈரத்தோலைத் தூக்குவதும் புரட்டுவதும் விரிப்பதுமான வேலை. வீட்டுக்கு வந்ததும் வெகுநேரம் குளிப்பார். அப்புறம் வாசலில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கு வேலை ஜாஸ்தியா?" என்று அம்மா கேட்டால், "எப்பவும் போலதான்" என்பார். அம்மாவும் விடிவதற்கு முன்னால் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்வரை ஓடுவாள். உட்காரும்போது "அப்பாடா" என்று ஒரு சொல் வரும். அதற்கு மேல் எதுவும் வந்து நான் கேட்டதில்லை.

அந்த வீட்டில், நிழலில் உட்கார்ந்து படிக்கிற பெண் எந்த வாயால் களைப்பென்று சொல்லும்? எனக்குக் களைப்பே வந்ததில்லை என்று இல்லை. சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தேன். மார்க்குக்காகத்தான். மாநிலப் பாடத்திட்டத்தில் அந்த வசதி இருந்தது, இன்றும் இருக்கிறது. இலக்கணத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒழுங்காகப் படித்தால் மார்க் அள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அள்ளினேன். ஆனால் படிக்கப் படிக்க அந்த மொழியின் ஓசை பிடித்துப்போனது. கல்லூரிக் காலத்தில் ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் ஸ்டேஷன் போய், அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் நுங்கம்பாக்கம் இறங்கி, காலேஜ் ரோட்டில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸுக்குப் போனேன். 1953-லிருந்து சென்னையில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் இடம் அது. டெல்ஃப் தேர்வில் பி2 நிலை வரைக்கும் தேறினேன். களைப்பைச் சொல்வதற்கு அப்போது எனக்குத் தெரிந்திருந்தது ஒரே வாக்கியம்: "ஜெ சுயி ஃபத்திகே." நான் களைப்பாக இருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் வாக்கியம். அதை நான் எழுதியிருக்கிறேன், வாசித்திருக்கிறேன். சொன்னதில்லை.

வேலை கிடைத்தது ஓ.எம்.ஆர். பக்கம், ஒரு நிறுவனத்தின் பிரெஞ்சு ஹெல்ப்டெஸ்கில். பிரான்சுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அவர்கள் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பின்னால் இழுப்பார்கள். அதோடு எங்கள் ஷிஃப்டும் நகரும். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் எங்களுக்கு ஒரு பாதி வருஷம் பன்னிரண்டரை, இன்னொரு பாதி ஒன்றரை. வேலை முடிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி ரேடியல் ரோட்டில் வண்டி வரும்போது ஊர் அடங்கியிருக்கும். வீட்டில் அம்மா தூங்காமல் காத்திருப்பாள். "டயர்டா இருக்கியா?" என்பாள். "இல்லம்மா" என்பேன்.

லியோனிலிருந்த அந்தப் பெண்மணி எங்களுக்கு நேர் எதிர்முனை. அங்கே தீராத சிக்கல் இங்கே வரும், இங்கே தீராதது அவரிடம் போகும். முதல் சில மாதங்கள் 'வூ' என்றே பேசிக்கொண்டோம், அதாவது 'நீங்கள்'. பிறகு ஒருநாள் அவரே 'தூ' என்று பேசலாமா என்று கேட்டார். பிரெஞ்சு அலுவலகங்களில் சகஜமாக நடப்பதுதான். ஆனால் அந்த 'நீ'க்கு அப்புறம் எனக்கு வேறொரு பிரெஞ்சு காதில் விழத் தொடங்கியது. அதுவரை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

அவர் 'ஜெ சுயி' என்று சொல்லவே மாட்டார். இரண்டும் ஒட்டி 'ஷ்யுயி' என்று வரும். "ஷ்யுயி க்ரெவே" என்பார். டயர் பஞ்சரானால் அவர்கள் சொல்வது 'க்ரெவே' என்றுதான். மிருகம் செத்தாலும் அந்த வினைதான். ஆகவே தன்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னால், காற்றுப் போய்விட்டது, செத்தேன் என்று பொருள். தோழமையில் சொல்வது, நெருக்கமானவரிடம் சொல்வது. முதல் சந்திப்பில் மேலதிகாரியிடம் சொன்னால் காதில் உறைக்கும். அவருக்கு 'ஃபத்திகே' போதும். உண்மையிலேயே உடல் ஓய்ந்துவிட்டதென்று மரியாதையாகச் சொல்ல 'எப்யுயிசே' என்ற சொல் இருக்கிறது. ஒரே களைப்புக்கு மூன்று வாசல்கள். யாரைப் பார்க்கப் போகிறோமோ அதைப் பொறுத்து வாசல்.

சாப்பாட்டுக்குப் பின் அவருக்கு ஒரு தூக்கம் வரும். அதற்கு 'கூ த பார்' என்பார். தலையில் இரும்புக் கம்பியால் ஓர் அடி விழுந்ததுபோலத் திடீரென்று வரும் அசதி. அவர்களுக்கு மதியம் இரண்டு மணி. எங்களுக்கு அப்போது மாலை ஐந்தரை ஆகியிருக்கும், டீ வரும் நேரம். குளிர்காலமென்றால் ஆறரை, விளக்கு வைக்கிற நேரம். ஒருமுறை எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வருவதைச் சொன்னேன். 'ஆந்த்ர் ஷியான் ஏ லூ' என்றார். நாய்க்கும் ஓநாய்க்கும் நடுவில் என்று அர்த்தம். எதிரே வருவது நாயா ஓநாயா என்று அடையாளம் தெரியாத வெளிச்சம். அந்திக் கருக்கலை அவர்கள் சொல்வது அப்படி.

நேரத்தைப் பற்றிய சொற்கள் எனக்கு வேலையோடு வேலையாக வந்தன. அதில் இரண்டைச் சொல்லியே ஆகவேண்டும். முதலாவது 'தூத்தலேர்'. இன்றைக்குள், சற்றுத் தள்ளி என்று பொருள். ஆனால் முன்னாலும் தள்ளும், பின்னாலும் தள்ளும். வினை இறந்தகாலத்தில் இருந்தால் கொஞ்ச நேரம் முன்பு. எதிர்காலத்தில் இருந்தால் கொஞ்ச நேரத்தில். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் இதில் திணறுவார்கள். தமிழ் வழியாக வந்தால் திணறத் தேவையில்லை. "சார் இப்பதான் போனாரு", "சார் இப்ப வந்துடுவாரு" என்று இரண்டு பக்கமும் 'இப்ப' போட்டு நாம் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்? காலத்தை வினை சொல்லும். அந்தச் சொல் கிட்டத்தில் என்று மட்டும் சொல்லும். விடைபெறும்போது 'ஆ தூத்தலேர்' என்றால் இன்றைக்கே மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். நாளைக்குத்தான் பார்க்கப் போகிறோம் என்றால் அதைச் சொல்லக்கூடாது.

இரண்டாவது, அவர்கள் வாரத்தை எண்ணும் விதம். ஒரு வாரத்தை 'உயி ஜூர்' என்பார்கள், எட்டு நாள். இரண்டு வாரத்தைக் 'கேன்ஸ் ஜூர்' என்பார்கள், பதினைந்து நாள். வியாழக்கிழமையிலிருந்து அடுத்த வியாழன்வரை இரண்டு வியாழனையும் சேர்த்து எண்ணினால் எட்டு வரும். தொடக்க நாளையும் சேர்த்து எண்ணும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு என்பதால் எனக்கு இது சுலபமாகப் பிடிபட்டது. வாடிக்கையாளர் "பதினைந்து நாளில் திரும்பக் கூப்பிடுகிறேன்" என்றால், கேலண்டரில் பதினாலு நாள் தள்ளி, அதே கிழமையில் குறித்துவைப்பேன்.

ஒருபோதும் நடக்காததற்கு அவர்களிடம் இரண்டு சொலவடைகள் உண்டு. கோழிக்குப் பல் முளைக்கும்போது என்பது ஒன்று. அத்தைக்கு மீசை முளைத்தால் என்று நாம் சொல்வதோடு அதைப் பக்கத்தில் வைக்கலாம். நாலு வியாழக்கிழமை வரும் வாரத்தில் என்பது இன்னொன்று. பிரான்சில் 1972 வரைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தின் நடுவில் வியாழன் விடுமுறை. அதன்பிறகு அது புதனுக்கு மாறியது. ஒரே வாரத்தில் நாலு வியாழன் வரவேண்டும் என்ற பிள்ளைகளின் ஆசைதான் அந்தச் சொலவடை. விடுமுறை மாறியது, வழக்கு மாறவில்லை.

இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பொருள் தெரிந்துவிட்டது, ஆகவே மொழி தெரிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை ஓர் இரவு மாற்றியது.

பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை. இரண்டு பக்கமும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிரெஞ்சில் இதற்கு 'நுயி ப்ளான்ஷ்' என்பார்கள், வெள்ளை இரவு. கண்ணே மூடாமல் கழித்த ராத்திரி. இங்கே விடிந்து, கண்ணாடி ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டது. அங்கே இன்னும் இருட்டு. ஹெட்போனில் அவருடைய மூச்சும் கீபோர்டு சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. அடுத்த ஃபைல் ஏறும்வரை காத்திருக்கும்போது அவர் கேட்டார்: "சா வா?" எப்படி இருக்கிறாய், சரிதானே? இதற்குப் பதில் 'சா வா' என்பதுதான், நன்றாக இருக்கிறேன். அத்தனை வருஷமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னையறியாமல் வாயில் வந்தது: "நோன். ஷ்யுயி க்ரெவே." இல்லை. செத்துவிட்டேன்.

சொன்ன மாத்திரத்தில் எனக்குப் பயமாக இருந்தது. வேலை வேண்டாமென்று எடுத்துக்கொள்வாரோ, இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தெம்பில்லை என்று நினைப்பாரோ. ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பதில் வந்தது: "முவா ஓசி. அலே, போன் கூராஜ், சே பியந்தோ ஃபினி." எனக்கும்தான். சரி, தாக்குப்பிடி, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் இருவரும் வேலையைத் தொடர்ந்தோம். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் என் தோள்கள் இறங்கி லேசாக இருந்தன. உடம்பு களைத்துத்தான் இருந்தது. ஆனால் அந்தக் களைப்பில் நான் தனியாக இல்லை.

அன்று எனக்கு விளங்கியது இதுதான். ஒரு வழக்குத்தொடர் பாதி வாக்கியம். மீதிப் பாதி எதிரில் இருப்பவரின் வாயில் இருக்கிறது. 'க்ரெவே' என்று ஒருவர் சொன்னால், அந்த ஊரில் அதற்குப் பதில் 'எனக்கும்தான்' என்றோ, 'போன் கூராஜ்' என்றோ, 'போய் ஓய்வெடு' என்றோ வரவேண்டும். அந்தப் பதில் வரும் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் வாயைத் திறக்கிறார். என் நோட்டில் சொல் இருந்தது, பொருள் இருந்தது. பதில் இல்லை.

அதற்கப்புறம் பதில்களைக் கவனித்துக் கேட்டேன். 'போன் கூராஜ்' என்பதில் வீரம் எதுவும் இல்லை. இன்னும் வேலை பாக்கியிருப்பவருக்குச் சொல்வது அது. பளு தூக்கிக்கொண்டு படியேறுபவருக்கு, பரீட்சைக்குப் போகிறவருக்கு, திங்கட்கிழமைக் காலையில் சக ஊழியருக்கு. வேலை முடித்துக் கிளம்புபவருக்கு அதைச் சொன்னால் பொருந்தாது. அவருக்கு 'போன் சுவாரே', மாலை நன்றாகக் கழியட்டும். ரொம்ப அசந்துபோய்க் கிளம்பினால் 'ரெபோஸ் துவா பியான்', நன்றாக ஓய்வெடு. 'போன் நுயி' என்பது படுக்கப் போகிறவருக்கு மட்டும். எங்கள் ஷிஃப்ட் முடியும்போது நான் அவருக்குப் 'போன் சுவாரே' என்பேன், அவருக்கு அது மாலை ஆறு மணி. அவர் எனக்குப் 'போன் நுயி' என்பார், பம்மலில் நான் வீடு சேர்ந்ததும் படுத்துவிடுவேன் என்று தெரிந்தவர். ஒரே நொடியில் விடைபெறும் இருவர் இரண்டு வேறு சொற்களைச் சொல்லிக்கொள்வோம். என் நேரத்தை அவர் நினைவில் வைத்திருந்தார் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் தன் நாளைப் பற்றிச் சொல்லும்போது 'மெத்ரோ, புலோ, தோதோ' என்றார். மெட்ரோ, வேலை, தூக்கம். 'புலோ' என்பது வேலைக்குப் பேச்சுவழக்கு, 'தோதோ' என்பது குழந்தையைத் தூங்கவைக்கும்போது சொல்லும் சொல். பியேர் பேயர்ன் என்ற கவிஞர் 1951-ல் தொழிற்சாலை வாழ்க்கையைப் பற்றி எழுதிய கவிதை வரியிலிருந்து பிறந்தது. 1968 மே மாதப் போராட்டத்தின்போது பாரிஸ் சுவர்களில் ஏறி, நாடு முழுக்கப் பரவியது. அதைக் கேட்டதும் எனக்குக் கண்முன் வந்தது பீச்–தாம்பரம் ரயில். 1931-லிருந்து மின்சாரத்தில் ஓடும் தடம். பல்லாவரத்தில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண்சொக்கிப் போகும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அவர்களில் யாராவது பக்கத்தில் நிற்பவரிடம் "அசதியா இருக்கு" என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். கேட்டிருக்கிறேன். நிறையவே கேட்டிருக்கிறேன். "தாவு தீந்துடுச்சு சார்", "நாக்கு தள்ளுது", "அடிச்சுப்போட்ட மாதிரி இருக்குப்பா". உடனே பக்கத்திலிருந்து பதிலும் வரும்: "இன்னும் ரெண்டு ஸ்டேஷன்தான்", "போய் ஒரு குளியல் போடுங்க, சரியாயிடும்", "நமக்கும் அதே கதைதான்". என் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை, பதிலுக்கும் பஞ்சமில்லை. எங்கள் வீட்டுக்குள் மட்டும் அது நுழையவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தாள். "டயர்டா இருக்கியா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். "ஆமாம்மா, தாவு தீந்துடுச்சும்மா" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும்தான்டி" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் எத்தனை நாளாக வலிக்கிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வருகிறது என்று நெடுநேரம் சொன்னாள். அத்தனை வருஷமும் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தது, சொல்ல அவளுக்கும் ஒரு வழி தேடித்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. அந்த வாரமே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

வேலையை விட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பிறகு, என்னிடம் இரண்டு வகை மாணவர்கள் வருகிறார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் ஒரு வகை. கனடா போக நினைக்கும் நர்ஸுகளும் இன்ஜினியர்களும் இன்னொரு வகை. 2023-லிருந்து கனடா தன் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்ற முறையில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடத்துகிறது. அதனால் இந்த இரண்டாம் வகை இப்போது அதிகம். இவர்கள் எழுதும் பிரெஞ்சுத் தேர்வு டெஃப் கனடா. அதன் பேச்சுத் தேர்வில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் தொலைபேசியில் விவரம் கேட்கவேண்டும், அங்கே 'வூ'. இரண்டாம் பகுதியில் ஒரு நண்பரைப் பேசி இணங்கவைக்கவேண்டும், அங்கே 'தூ'. முதலாவதில் 'க்ரெவே' என்றால் இடறும். இரண்டாவதில் 'எப்யுயிசே' என்றே பேசினால் நண்பர்கள் போலத் தெரியாது. யாரிடம் எதைச் சொல்வது என்பதையே அந்தத் தேர்வு சோதிக்கிறது.

கியூபெக் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே களைத்தவர் 'ப்ரூலே' என்பார், எரிந்துபோனேன். உட்கார்ந்தபடியே தலை ஆடித் தூங்குவதை ஆணி அடிப்பது என்பார்கள். 'தூத்தலேர்' சொல்லும் இடத்தில் 'தாந்தோ' என்பார்கள், அதுவும் முன்னும் பின்னும் தள்ளும். நைட் டியூட்டி பார்த்துப் பழகிய நர்ஸ் பெண் ஒருத்தி ஆணி அடிப்பதைக் கேட்டதும், "மிஸ், நாங்க ராத்திரி மூணு மணிக்கு அடிக்கிற ஆணியா?" என்றாள். சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

மாணவர்களின் நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் தொடர், பொருளோடு. இரண்டாவதில் யாரிடம் சொல்லலாம், எந்த நேரத்தில் சொல்லலாம். மூன்றாவதில், அதைக் கேட்டவர் என்ன சொல்வார். முதல் கட்டத்தை நிரப்ப அகராதி போதும், இன்று கையிலிருக்கும் போனே போதும். மூன்றாவதை நிரப்ப ஒரு மனிதர் வேண்டும், அவரைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். ஆகவே வகுப்பில் இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் களைப்பைச் சொல்ல மற்றவர் பதில் சொல்லும்படி பழக்குகிறேன். பிரெஞ்சில் சொல்லி முடித்ததும் அதையே தமிழில், தங்கள் வீட்டில் சொல்வதுபோலச் சொல்லச் சொல்கிறேன். பலர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் சொன்னதே இல்லை என்கிறார்கள். அவர்களிடம் என் கதையைச் சொல்கிறேன்.

தூரதேசத்தில் போய்க் குளிரிலும் தனிமையிலும் நைட் ஷிஃப்டிலும் நிற்கப் போகிறவர்கள் இவர்கள். அங்கே ஒருநாள் யாராவது "சா வா?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லும் தெம்பும், எதிரில் இருப்பவர் களைத்திருந்தால் அவருக்குச் சொல்லப் பொருத்தமான ஒரு பதிலும் இவர்களிடம் இருக்கவேண்டும். அதனால்தான் தேர்வுக்கு எத்தனை நெருக்கத்தில் வந்து சேர்ந்தாலும், மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட நான் யாரையும் விடுவதில்லை.